மிர்த்திலுவுக்கு அடுத்தது கதவு

குளிர் அறைக்குள் போவதற்கு முன்னால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். அன்றைக்கு நான் சொல்லவில்லை. தடித்த கோட்டையும் போடவில்லை. ரெண்டு நிமிஷ வேலைதானே என்று நினைத்தேன்.

நாங்கள் பழங்களை உறையவைத்துக் கப்பலில் அனுப்புகிறோம். ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, பிளாக்பெர்ரி, புளூபெர்ரி, பிளாக்கரன்ட். எல்லாமே மென்மையான பழங்கள். தோல் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கொஞ்சம் அழுத்தினால் சாறு வடியும், சாறு பட்ட இடத்தில் மறுநாளே பூஞ்சை பிடிக்கும். அதனால் பறித்த அன்றைக்கே கடுங்குளிர்க் காற்றில் ஒவ்வொரு பழத்தையும் தனித்தனியாகக் கூழாங்கல் மாதிரி இறுகவைத்து, நீல நிற பிளாஸ்டிக் பைக்குள் கொட்டி, அட்டைப்பெட்டியில் அடைத்துவிடுவோம். பெட்டி என்னிடம் வரும்போது நான் பேர் ஒட்டுவேன். வாங்குகிறவர்கள் போர்ச்சுகீஸ் பேசும் நாட்டுக்காரர்கள் என்பதால் ஒவ்வொரு பேரும் இரண்டு தடவை இருக்கும். மேலே ஆங்கிலம், கீழே போர்ச்சுகீஸ்.

இந்தப் பேர்களில் எனக்கு ஒரு ருசி உண்டு. ஆங்கிலக்காரர்கள் சோம்பேறிகள். எல்லாவற்றுக்கும் 'பெர்ரி' என்று வால் ஒட்டி, முன்னால் ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிட்டார்கள். போர்ச்சுகீஸில் ஒவ்வொரு பழத்துக்கும் தனி முகம். ஸ்ட்ராபெர்ரி மொராங்கு. ராஸ்பெர்ரி ஃப்ரம்போவேஸா. பிளாக்பெர்ரி அமோரா. புளூபெர்ரி மிர்த்திலு. பிளாக்கரன்டுக்கு மட்டும் இரண்டு சொல், குரோஸேல்யா ப்ரேத்தா.

எழுத்தைப் பார்த்து நான் வேறு மாதிரிதான் வாசித்துக்கொண்டிருந்தேன். உச்சரிப்பைத் திருத்தியவர் ஃபோர்க்லிஃப்ட்காரர். போர்ச்சுகீஸ்தான் அவருடைய தாய்மொழி. குளிர் அறையிலேயே கிடப்பதால் மூக்கு எப்போதும் சிவந்திருக்கும். அதனால் நாங்கள் அவருக்கு மொராங்கு என்றே பேர் வைத்துவிட்டோம். அவருக்கு அது பிடித்தும் இருந்தது. எல்லோரும் என்னை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். என் போர்ச்சுகீஸ் அந்தப் பழங்களோடு சரி. கூடவே 'சிம்' என்றால் ஆமாம், 'நாவ்ங்' என்றால் இல்லை, 'போர்த்தா' என்றால் கதவு. இந்தக் கடைசிச் சொல்லைத் தொழிற்சாலையே தெரிந்துவைத்திருந்தது. யாராவது குளிர் அறைக் கதவைத் திறந்துபோட்டுப் போனால் "போர்த்தா, போர்த்தா" என்று அவர் கத்தும் கத்தல் கேன்டீன் வரைக்கும் கேட்கும். அவருடைய ஆங்கிலமும் பெட்டியில் இருப்பதைத் தாண்டாது. பழம் தெரியும். இடது வலது தெரியாது.

என் நாத்தனார் அங்கேயேதான் பழம் பொறுக்கும் பெல்ட்டில் இருக்கிறாள். "பழத்துக்குப் பேர் வைக்கறதுக்கு உனக்குச் சம்பளம், அண்ணி. பிள்ளைக்குப் பேர் வைக்க எங்கண்ணன் எடுத்துக்கிட்டது ஒரு வருஷம்" என்பாள். பிளாக்கரன்ட் பெட்டி வரும்போதெல்லாம் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "கரன்ட் பெட்டி அண்ணி, பாத்துத் தொடு, ஷாக் அடிக்கும்" என்பாள். முதல் தடவை சிரித்தேன்.

அன்றைக்கு மதியம் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நானும் கிளம்பினேன். அப்போது என் மேஜைக்குக் கீழே இருந்த குப்பைத்தொட்டி கண்ணில் பட்டது. காலியாக இருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லேபிள் இயந்திரம் பேரை அச்சடிக்கும் இடம் ஒன்று, ஒட்டும் இடம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் எப்போதும் ஒரு சாண் நாடா அச்சடித்துக் காத்திருக்கும். பழம் மாறும்போது அந்த நாடாவைக் கிழித்துக் குப்பையில் போட வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பழத்தின் முதல் சில பெட்டிகள் பழைய பழத்தின் பேரோடு போய்விடும். அன்று காலை புளூபெர்ரி முடிந்து பிளாக்கரன்ட் ஆரம்பித்தது. தொட்டியில் நாடா இல்லை.

சில பெட்டிதானே என்று விட முடியாது. முதல் பெட்டியில் என்ன பேர் இருக்கிறதோ, அதைப் பார்த்துத்தான் மொராங்கு அந்த அடுக்கு முழுவதற்கும் பேர்ப்பலகை மாட்டுவார். பலகை சுவரில் இல்லை, அடுக்கிலேயே தொங்கும். அடுக்கு இடம் மாறினால் பலகையும் கூடவே போகும். அடுக்குகளோ தினமும் இடம் மாறும், முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பதால். எந்தப் பழம் இன்றைக்கு எங்கே நிற்கிறது என்பது அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கும்.

ஆக, ஒரு பிளாக்கரன்ட் அடுக்கு மிர்த்திலு என்ற பலகையோடு உள்ளே நிற்கிறது. கப்பல் ஏறுவதற்குள் பிடித்தாக வேண்டும். தப்பு லேபிளை உரிக்கும் பிளாஸ்டிக் சுரண்டியை எடுத்துக்கொண்டேன். இடுப்பில் வாக்கி-டாக்கி இருந்தது. பழம் இருக்கும் இடத்தில் போன் கூடாது, அது லாக்கரில். மெல்லிய மேல்சட்டையோடு பிளாஸ்டிக் திரையை விலக்கி உள்ளே போனேன். வாசலருகே மொராங்கு மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் அடுக்கைத் தூக்கிக்கொண்டிருந்தார். தொந்தரவு செய்வானேன் என்று நழுவிவிட்டேன்.

உள்ளே உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே. மேலே ராட்சச விசிறிகள் ஓயாமல் இரையும். பெட்டி அடுக்குகள் ஆளைவிட உயரம். நடுவில் ஃபோர்க்லிஃப்ட் போகிற அளவுக்குச் சந்துகள். இரண்டு திருப்பம் திரும்பி ஒரு பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் இரும்பு கிழிகிற சத்தம் கேட்டது. விளக்குகள் ஒன்றாக அணைந்தன. பிறகு மலை சரிவதுபோல் ஒரு சத்தம், தரை அதிர்ந்தது.

நடந்தது என்ன என்று பிறகுதான் தெரியும். ஃபோர்க்லிஃப்டின் நிமிர்ந்த கம்பம் மேலே போகும் விளக்கு ஒயரில் மாட்டி அறுத்திருக்கிறது. அவர் பதறி பிரேக் போட, தூக்கிய அடுக்கு பக்கத்து அடுக்கின் மேல் சாய்ந்து, வாசல் சந்து முழுக்கப் பெட்டிகள் கொட்டிவிட்டன. அவர் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்.

ஓடினேன். செய்யக்கூடாத முதல் காரியம் அதுதான். இருட்டில் ஓடி, எதிலோ முட்டி, விழுந்து எழுந்தபோது எந்தப் பக்கத்திலிருந்து வந்தேன் என்பதே தெரியவில்லை. அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். அவசர விளக்கு எரிந்திருக்க வேண்டும். ஆனால் பேட்டரிக்குக் குளிர் ஆகாது, அது எப்போதோ செத்துப்போயிருந்தது. "யாராவது இருக்கீங்களா" என்று கத்தினேன். விசிறிச் சத்தம் அதை விழுங்கிவிட்டது.

மூச்சு இழுக்கும்போது மூக்கின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டது. வாக்கி-டாக்கியை அழுத்தி நாத்தனாரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. சாப்பிடும்போது எல்லோரும் அதை அணைத்து மேஜையில் வைத்துவிடுவார்கள்.

அது கரகரத்தது. "…கா? …கா?"

மொராங்கு. நான் உள்ளே இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. போர்ச்சுகீஸில் மளமளவென்று ஏதோ சொன்னார். கடைசிச் சொல் மட்டும் புரிந்தது. போர்த்தா.

எந்தப் போர்த்தா? வாசல் அடைபட்டுக் கிடக்கிறது. அப்போது ஞாபகம் வந்தது. அறையின் பின்சுவரில் ஓர் அவசரக் கதவு உண்டு. வெளியிலிருந்து திறக்காது, உள்ளேயிருந்து இடுப்புயரத் தண்டைத் தள்ளினால் மட்டும் திறக்கும். நான் அதை ஒருமுறைகூட நெருங்கிப் பார்த்ததில்லை. சுவரைத் தடவிக்கொண்டே போகலாம் என்றால் அடுக்குகள் சுவரோடு ஒட்டி நிற்கின்றன. அவரோ என்னை வந்து எடுக்க முடியாது. அந்தப் பெட்டிகளை நாலு பேர் சேர்ந்து அகற்றவே பொழுது சாயும். மெல்லிய சட்டையோடு, விசிறிக் காற்றில், அதுவரை நான் தாங்க மாட்டேன். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"…பெரி?" என்றது வாக்கி-டாக்கி. "…பெரி? …பெரி?"

முதலில் புரியவில்லை. பித்தானை அழுத்தியதும் வாக்கி-டாக்கி உடனே விழித்துக்கொள்ளாது. ஒரு கண் இமைப்பு தாமதிக்கும். அவசரத்தில் பேசினால் முதல் அசை போய்விடும். அவர் எனக்காக ஆங்கிலத்தில் கேட்கிறார். ஆங்கிலத்தில் முதல் அசை போனால் மிஞ்சுவது பெர்ரி, பெர்ரி, பெர்ரி. எந்தப் பழத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாய் என்று கேட்கிறார்.

பெட்டியின் கைப்பிடி ஓட்டைக்குள் சுரண்டியை விட்டுப் பையைக் கிழித்தேன். இரண்டு விரலால் ஒரு பழத்தை உருவினேன். ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் கூம்பியது, மேலெல்லாம் விதை.

"மொராங்கு," என்றேன்.

அவர் தன்னைக் கூப்பிடுவதாக நினைத்துவிட்டார். "…கா, …கா," என்றார்.

"ஐயோ, நீங்க இல்ல. பழம். மொராங்கு, மொராங்கு." அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"ஆ. மொராங்கு." முதல் அசை போகிறது என்று அவருக்கும் தெரிந்துவிட்டதுபோல, பித்தானை அழுத்தி நிதானித்துப் பேசினார். "மொராங்கு, அமோரா? மொராங்கு, குரோஸேல்யா?"

ஸ்ட்ராபெர்ரி ஓர் இடத்தில் மட்டுமா இருக்கும்? எதிரே என்ன பழம் என்று தெரிந்தால்தான் எந்தச் சந்து என்று அவருக்குப் புரியும். கையை நீட்டி எதிர் அடுக்குக்குப் போனேன். கிழித்தேன். சிறு மணிகளைக் கொத்தாக ஒட்டிவைத்ததுபோல் ஒரு பழம். இதில்தான் வம்பு. ராஸ்பெர்ரியும் பிளாக்பெர்ரியும் தடவினால் ஒன்றுபோல் இருக்கும். ராஸ்பெர்ரியைப் பறிக்கும்போது அதன் நடுத்தண்டு செடியிலேயே நின்றுவிடும், பழம் தொப்பிபோல் உள்ளே வெறுமையாக வரும். பிளாக்பெர்ரி தண்டோடு வரும், உள்ளே நிறைந்திருக்கும். குழியைத் தேடினேன். விரலுக்குத் தெரியவில்லை.

விரலுக்கு எதுவுமே தெரியவில்லை. குளிரில் உடம்பு மோசமான முதலாளி மாதிரி. கஷ்டம் வந்தால் முதலில் கடைக்கோடி ஆளைத்தான் வீட்டுக்கு அனுப்பும். ரத்தத்தையெல்லாம் நடுவில் இழுத்துக்கொண்டு விரல்களைக் கைவிட்டிருந்தது. பழத்தை வாயில் போட்டேன். நாக்கில் ஒட்டிக்கொண்டது. காத்திருந்து, நாக்கு நுனியால் துழாவினேன். குழி இல்லை.

"அமோரா."

"சிம், சிம்." அவர் குரலில் உயிர் வந்தது. "அமோரா, மொராங்கு, ஃப்ரம்போவேஸா."

இந்தச் சந்திலேயே போ, அடுத்தது ஃப்ரம்போவேஸா என்கிறார். ஆனால் சந்துக்கு இரண்டு முனை. ஒரு பக்கமாகப் போனேன். அடுக்கு முடிந்த இடத்தில் அடுத்ததைக் கிழித்தேன். மறுபடி விதை.

"மொராங்கு," என்றேன்.

"நாவ்ங், நாவ்ங்."

திரும்பினேன். இமைமயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டின. பல் அடிப்பது விசிறிச் சத்தத்தை மீறிக் கேட்டது. பிறகு பல் அடிப்பது நின்றது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. நடுக்கம் நின்றால் நல்லதல்ல என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு மெதுவாக, ரொம்ப அன்பாக வந்தது. என் பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொள்ள முயன்றேன், வரவில்லை. வந்தது நாத்தனாரின் குரல். "பழத்துக்குப் பேர் வைக்கப் போனவளையே பழமா உறையவச்சு அனுப்பிட்டாங்க" என்று என் சாவு வீட்டில்கூட அவள் சொல்வாள். அந்த வாய்க்குத் தீனி போடக்கூடாது என்று நடந்தேன்.

அடுத்த முனை. கிழித்தேன். வாயில் போட்டேன். நாக்கு நுனி உள்ளே போயிற்று. வெறுமை.

"ஃப்ரம்போவேஸா."

"சிம்." அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் நிறுத்திச் சொன்னார். "ஃப்ரம்போவேஸா. மிர்த்திலு. மிர்த்திலு, போர்த்தா."

மிர்த்திலுவுக்கு அடுத்தது கதவு. பதில் சொல்லப் பித்தானை அழுத்தினேன். மூன்று தடவை சிணுங்கிவிட்டு வாக்கி-டாக்கி செத்தது. அதற்கும் பேட்டரிதானே. சட்டைக்குள் வைத்துச் சூடு காட்டியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

இனி நான் தனி.

ராஸ்பெர்ரி அடுக்கைத் தோளால் உரசிக்கொண்டே போனேன். அது முடிந்தது. ஒரு வெற்றிடம். ஓர் அடுக்கு தோளில் இடித்தது. கிழித்தேன். சின்னது, உருண்டை. மிர்த்திலு. அப்பாடா என்று வாயில் போட்டேன்.

புளூபெர்ரியின் தலையில் ஒரு சின்னக் கிரீடம் இருக்கும், நாக்குக்கு நன்றாகத் தட்டுப்படும். இதில் கிரீடம் இல்லை. காய்ந்த நூல்போல ஒரு வால் இருந்தது. கடித்தேன். புளூபெர்ரி சாதுவான இனிப்பு. இது வாயைச் சுருட்டியது. புளிப்பு, துவர்ப்பு, காட்டமான ஒரு வாசம்.

குரோஸேல்யா ப்ரேத்தா.

நான் தப்பான இடத்துக்கு வந்துவிட்டேன். மேல் வரிசையில் இன்னொரு பெட்டியைக் கிழித்தேன். அதுவும் அதே. எங்கே திரும்பினேன், எதைத் தவறவிட்டேன்? ராஸ்பெர்ரிக்கே திரும்பிப் போய் மறுபடி தொடங்க வேண்டும். அதற்கு என் கால்களில் தெம்பு இல்லை. அப்போது சுவரெல்லாம் தொம் தொம் என்று அதிர ஆரம்பித்தது. மொராங்கு வெளியே ஓடிப்போய்க் கதவை எதனாலோ அடிக்கிறார். ஆனால் இந்தச் சுவர்கள் இரண்டு தகடுக்கு நடுவில் நுரை அடைத்தவை. ஓரிடத்தில் தட்டினால் அறை முழுக்க முரசு. எல்லாப் பக்கமும் அவர்தான் தட்டினார்.

திரும்பிவிட்டேன். ராஸ்பெர்ரி பக்கம் ஓர் அடி வைத்தும்விட்டேன். வாயில் அந்தப் புளிப்பு இன்னும் இருந்தது. இந்தப் பழத்தைத் தேடித்தானே உள்ளே வந்தேன் என்று அலுத்துக்கொண்டேன்.

நின்றேன்.

இந்தப் பழத்தைத் தேடித்தான் உள்ளே வந்தேன். மிர்த்திலு என்று பலகை மாட்டிய பிளாக்கரன்ட் அடுக்கு. மொராங்கு பழத்தையா பார்த்தார்? நான் ஒட்டிய பேரைப் பார்த்தார். அவர் தலைக்குள் இருக்கும் வரைபடத்தில் இந்த இடத்துக்கு மிர்த்திலு என்று பேர். அந்தப் பேரை வைத்தவள் நான். நான் சரியான இடத்தில்தான் நிற்கிறேன்.

அல்லது இது வேறொரு பிளாக்கரன்ட் அடுக்கு. சரியான லேபிள் ஒட்டியவையும் உள்ளே எங்கோ இருந்தன. நிச்சயமாகச் சொல்ல ஒரு வழி இருந்தது. முதல் பெட்டிகள் எப்போதும் அடுக்கின் அடியில் இருக்கும், அவற்றில்தான் தப்பான லேபிள். குனிந்து தடவினேன். என் கைக்கு லேபிள் இருப்பதே தெரியவில்லை, பிறகல்லவா எழுத்து. பார்க்க வெளிச்சம் இல்லை.

இரண்டில் ஒன்று. பயம் என்றால் என்ன என்று அந்த ஒரு கணத்தில் முழுசாகத் தெரிந்துகொண்டேன். இருட்டும் குளிரும்கூடப் பரவாயில்லை. நம்மை நாமே நம்பியாக வேண்டிய இடம்தான் பயம். காலியாக இருந்த அந்தக் குப்பைத்தொட்டியை நினைத்துக்கொண்டு, அடுக்கைத் தோளால் உரசியபடி முன்னால் போனேன்.

அடுக்கு முடிந்தது. ஒன்றும் இல்லை. இன்னும் ஓர் அடி. ஒன்றும் இல்லை. இன்னும் ஓர் அடி. இடுப்பில் ஏதோ தண்டு இடித்தது.

கையால் தள்ள முடியவில்லை. திரும்பி நின்று முதுகைக் கொடுத்தேன். இந்தக் கதவுகள் உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சட்டத்தைச் சுற்றி ஒரு சூட்டுக்கம்பி ஓடும். விளக்கு ஒயரோடு அதுவும் போயிருந்தது. ஆனால் முழுசாக ஒட்ட நேரமாகவில்லை. இரண்டாவது தள்ளலில் படபடவென்று பனி உடைந்தது. நான் மல்லாக்க வெயிலில் விழுந்தேன்.

வெயில் சுட்டது. ஸ்பேனரும் கையுமாக மொராங்கு நின்றார். மூக்கு மட்டுமல்ல, முகமே சிவந்திருந்தது. கோட்டைக் கழற்றி என் மேல் போட்டார். நாத்தனார் சாப்பிட்ட கையோடு ஓடிவந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி. கூறுகெட்டவளே. கோட்டு எங்க? யார்கிட்ட சொல்லிட்டுப் போன நீ?" திட்டிக்கொண்டே என் கைகளைத் தன் அக்குளில் செருகிக்கொண்டாள். விரல்களுக்கு ரத்தம் திரும்பும்போதுதான் வலி தெரியும். ஊசி இறக்குவதுபோல் இருந்தது. கத்தினேன். "கத்து, கத்து. கத்தினா உசிரு இருக்குன்னு அர்த்தம்" என்றாள், அவள் குரல் உடைந்துகொண்டிருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். "வாயில என்ன, ரத்தமா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். மொராங்குவைப் பார்த்தேன். உதடு சரியாக அசையவில்லை.

"மிர்த்திலு நாவ்ங்," என்றேன். "குரோஸேல்யா ப்ரேத்தா."

அவர் சிரித்தார், குளிரில் உளறுகிறேன் என்று. திறந்து கிடந்த கதவு வழியாக உள்ளே வெளிச்சம் விழுந்திருந்தது. முதல் அடுக்கில் மிர்த்திலு என்ற பலகை தொங்கியது. கீழே நான் கிழித்துக் கொட்டிய பழங்கள் கிடந்தன. அவர் போய் ஒன்றைப் பொறுக்கி, உருட்டிப் பார்த்து, வாயில் போட்டார்.

அவர் மெல்லுவது நின்றது. பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இருட்டுக்குள் என்னிடம் எதைச் சொல்லி அனுப்பினார், நான் எதைத் தொட்டுக்கொண்டு நின்றேன் என்பது அவருக்கு மெல்ல மெல்லப் புரிவதை நான் பார்த்தேன். முகத்திலிருந்து சிவப்பு முழுக்க இறங்கிவிட்டது, மூக்கிலிருந்தும். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"இவருக்கு என்ன ஆச்சு?" என்றாள் நாத்தனார். "உள்ள போய்ட்டு வந்தது நீ."

"கதவைச் சாத்தச் சொல்லு," என்றேன். "எனக்குக் குளிருது."